ரெஜிஸ்ட்ரார் பயிற்சியா, பிஎச்டியா: எது முதலில்?

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மருத்துவப் பட்டமான எம்பிசிஎச்பி ஆறு ஆண்டு, இன்டர்ன்ஷிப் இரண்டு ஆண்டு முடித்துவிட்டு, இப்போது தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில் கம்யூனிட்டி சர்வீஸ் என்ற கட்டாய அரசுப் பணி ஆண்டில் இருக்கிறேன். புற்றுநோய் மருத்துவராக வேண்டும், புற்றுநோய் உயிரியலில் ஆய்வும் செய்ய வேண்டும். நோயாளிகளை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட மனம் வரவில்லை. முதலில் பிஎச்டி முடிப்பதா, ரெஜிஸ்ட்ரார் (சிறப்பு மருத்துவப் பயிற்சி பெறும் மருத்துவர்) இடத்துக்கு விண்ணப்பிப்பதா? அந்தப் பயிற்சியோடு வரும் எம்மெட் பட்டத்துக்கான ஆய்வே போதாதா? பிப்பெட் (திரவத்தைத் துல்லியமாக அளந்தெடுக்கும் ஆய்வுக்கூடக் கருவி) பிடித்துப் பழகாத என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்? மேற்பார்வையாளரிடம் என்ன கேட்க வேண்டும்? “இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அம்மா அப்பாவும் படிக்கும்படி தமிழிலேயே பதில் எழுதுங்கள்.
– வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ரெஜிஸ்ட்ரார் இடத்துக்கு முதலில் விண்ணப்பியுங்கள். பிஎச்டி அந்தப் பயிற்சிக்குள்ளிருந்தே முளைக்கட்டும். பிஎச்டியை முதலில் முடித்தால் மூன்று நான்கு ஆண்டுகள் வார்டை விட்டு விலகியிருப்பீர்கள். அடுத்து ரெஜிஸ்ட்ராராகச் சேர்ந்ததும் நான்கு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகுவீர்கள். அதற்குள் கற்ற கைவேலை மங்கிவிடும், கருவிகளும் மாறியிருக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நல்ல கேள்வி, கீமோ வார்டில் அதே மருந்தை நூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே பிறக்கிறது. அந்தக் கேள்வி கையில் இல்லாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறவர், அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய கேள்விக்குத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று ரேடியேஷன் ஆன்காலஜி. கம்யூனிட்டி சர்வீஸ் முடித்தபின் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இங்கே அந்தத் துறையினரே கதிர்வீச்சும் கீமோவும் இரண்டும் கொடுக்கிறார்கள். மற்றது பொது மருத்துவத்தில் நான்கு ஆண்டு ரெஜிஸ்ட்ரார் பயிற்சி முடித்து, மேலே இரண்டு ஆண்டு மெடிக்கல் ஆன்காலஜி. ஆய்வு ஆசை உள்ளவர்கள் இரண்டாவது வழியைத்தான் உயர்வாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதிர்வீச்சு டிஎன்ஏவின் இரு இழைகளையும் எப்படி அறுக்கிறது, செல் அதை எப்படி ஒட்டவைக்கிறது, ஒரே டோஸை ஏன் பல நாளாகப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதெல்லாம் புற்றுநோய் உயிரியலின் நடுப்பகுதி. அதைத் தினமும் பயன்படுத்துகிற துறை அது. இரத்தப் புற்றுநோய்களில் ஆர்வம் என்றால் மட்டும் பொது மருத்துவ வழியாக ஹீமட்டாலஜிக்குப் போங்கள்.

வீட்டில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ரெஜிஸ்ட்ரார் என்பவர் மாகாண சுகாதாரத் துறையில் சம்பளம் வாங்கும் மருத்துவர். அந்த நான்கு ஆண்டுகளை அம்மா அப்பா ‘படிப்பு’ என்று கணக்கிட வேண்டியதில்லை. முழுநேர பிஎச்டிக்குக் கிடைக்கும் உதவித்தொகை மருத்துவர் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதை மறைக்காமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த இடைவெளியைக் குறைக்கவே மருத்துவ ஆய்வு மன்றமான எஸ்ஏஎம்ஆர்சி மருத்துவர்-ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை வைத்திருக்கிறது. 2018-இல் மறைந்த இதயநோய் மருத்துவர் பொங்கானி மயோசியின் பெயரிலான தேசிய சுகாதார அறிஞர் திட்டமும் பிஎச்டிக்கு உதவுகிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்கும்போது மேற்பார்வையாளரின் கடிதமும் தெளிவான ஆய்வுத் திட்டமும் தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது.

எம்மெட் போதுமா என்றால், சிறப்பு மருத்துவராகப் பதிவு பெறப் போதும், ஆய்வாளராகப் போதாது. 2011 முதல் பயிற்சியில் சேர்ந்தவர்கள் ஆய்வுப் பகுதியை முடிக்காமல், மருத்துவர்களைப் பதிவு செய்யும் மன்றமான எச்பிசிஎஸ்ஏவில் சிறப்பு மருத்துவராகப் பதிய முடியாது. அதனால் பலர் ‘எதையாவது முடித்துத் தொலைப்போம்’ என்று பழைய ஃபைல்களைப் புரட்டி ஒரு கணக்கெடுப்பு எழுதிவிட்டு ஓடிவிடுகிறார்கள். நீங்கள் அந்த எம்மெட்டையே பிஎச்டியின் முதல் அத்தியாயமாகத் திட்டமிடுங்கள். அதே நோய், அதே மருந்து, அதே நோயாளிக் கூட்டம் என்று வைத்துக்கொண்டால் எத்திக்ஸ் அனுமதி, படிவங்கள், ஆட்கள் எல்லாம் பிறகும் உதவும். ரெஜிஸ்ட்ரார் இடம் உடனே கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். எம்பிசிஎச்பி தேசியத் தகுதிச் சட்டகத்தில் எட்டாம் நிலை என்பதால், ஆனர்ஸ் செய்யாமலே மருத்துவ அறிவியல் முதுகலைக்குப் பதியலாம். மருத்துவ அலுவலராக வேலை பார்த்துக்கொண்டே அதைத் தொடங்கலாம்.

இனி கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு மருந்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம்.

கேப்சிடபின் மாத்திரை. குடல், மார்பகம், இரைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கிறோம்: 14 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு. பெரும்பாலோர் தாங்கிக்கொள்வார்கள். சிலர் மட்டும் முதல் சுற்றிலேயே பத்தாம் நாள்வாக்கில் வாயெல்லாம் புண்ணாகி, வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக வருவார்கள். இரத்தத்தைப் பார்த்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை தரையைத் தொட்டிருக்கும். உடலுக்குள் இந்த மாத்திரை 5-ஃப்ளூரோயுரேசிலாக மாறுகிறது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டிபிடி என்ற ஒரே நொதி, முக்கியமாகக் கல்லீரலில், உடைத்துத் தள்ள வேண்டும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு, சாதாரண டோஸும் பல மடங்கு டோஸாகிவிடும். பகுதிக் குறைபாடு என்று முன்பே தெரிந்தால் பாதி டோஸில் தொடங்கலாம். முழுக் குறைபாடு என்றால் அந்த மருந்துப் பக்கமே போகக் கூடாது.

ஐரோப்பாவில் இதற்காக, அந்த நொதிக்கான டிபிஒய்டி மரபணுவில் நான்கு மாற்றங்களைத் தேடுகிறார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் சிகிச்சைக்கு முன் சோதனை செய்யப் பரிந்துரைத்தது. அந்த நான்கும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கண்டறிந்தவை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சி.557ஏ>ஜி என்ற வேறொரு மாற்றம் உண்டு. அது ஐரோப்பியரிடம் கிட்டத்தட்ட இல்லை, அந்த நான்கின் பட்டியலிலும் இல்லை. நால்வகைச் சோதனையை டர்பனில் ஒரு சூலு நோயாளிக்குச் செய்து ‘மாற்றம் இல்லை’ என்று வந்தால், அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? நம் வீட்டுப் பாட்டிக்குச் செய்து அதே விடை வந்தால்? தெற்காசிய வம்சாவளியினரும் சூலு மக்களும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் ஊர் நம்முடையது. இது பிரிட்டோரியாவிலோ பாரிஸிலோ இருப்பவருக்கு எளிதில் தோன்றாத கேள்வி. உங்களுக்கு அது பத்தாம் நாள் அவசரப் பிரிவில் வந்து நிற்கும்.

இப்போது அந்தக் கேள்வியை ஆய்வாக்கும்போது என்னவெல்லாம் வழுக்கும் என்று பாருங்கள். முதலில் எண்ணிக்கை. மாற்றம் உள்ளவர் நூற்றுக்கு 4 பேர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 200 பேரைச் சேர்த்தால் 8 பேர் கிடைப்பார்கள். அந்த 8-இல் 5 பேருக்கும், மற்ற 192-இல் 38 பேருக்கும் கடுமையான பக்கவிளைவு என்றால் வித்தியாசம் நிஜம்போலத் தோன்றும். ஐந்து என்பது மூன்றாகிவிட்டால் முடிவு கரைந்துவிடும். இரண்டே இரண்டு நோயாளிகளில் தொங்கும் முடிவை வைத்துக்கொண்டு சிகிச்சை முறையை மாற்றச் சொல்ல முடியாது. ஆகவே புள்ளியியலாளரிடம் முதல் மாதிரியை எடுக்கும் முன்பே போக வேண்டும். மாதிரி எல்லாம் சேர்த்தபின் போனால், ஆய்வு எதனால் செத்தது என்று சொல்வது ஒன்றுதான் அவரால் முடியும்.

அடுத்து, குழப்பும் காரணிகள். நியூட்ரோஃபில் குறைந்தது கேப்சிடபினாலா? இந்த மாகாணத்தில் எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்கள் அதிகம். எச்ஐவி மருந்தான சிடோவுடின் எலும்பு மஜ்ஜையை அடக்கும், கிருமிக்கொல்லியான கோட்ரைமாக்ஸசோலும் வெள்ளணுக்களைக் குறைக்கலாம். சிறுநீரகச் செயல்பாடு நிமிடத்துக்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை இருந்தால் கேப்சிடபினை முக்கால் பங்காகக் குறைத்தே தொடங்க வேண்டும். அதைக் கவனிக்காமல் முழு டோஸ் கொடுத்திருந்தால் பழியை மரபணுமேல் போட முடியாது. கிரியாட்டினின், எடை, உடன் எடுக்கும் மாத்திரைகள், மாத்திரையை உண்மையில் எத்தனை நாள் விழுங்கினார் என்பவை முதல் நாளே படிவத்தில் ஏற வேண்டும். ‘பக்கவிளைவு: ஆம் அல்லது இல்லை’ என்று கட்டம் போடாதீர்கள். பக்கவிளைவுகளைத் தரம் பிரிக்கும் சிடிசிஏஇ அளவுகோலின் தர எண்ணையும், அது எந்த நாளில் என்பதையும் எழுதுங்கள். இதையெல்லாம் வார்டில் நிற்காத ஆய்வாளர் யோசிக்க மாட்டார். ஆய்வுக்கூடமே தெரியாத மருத்துவருக்கு அடுத்து வரும் விஷயம் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆளாக ஆவதுதான் நீங்கள் கேட்கும் பயிற்சி.

அந்த அடுத்த விஷயம் மாதிரியின் பயணம். மேலே சொன்ன கேள்விக்கு மரபணுச் சோதனை மட்டும் என்றால் இரத்தம் உறையாமல் காக்கும் ஒரு இடிடிஏ குழாயில் 4 மில்லிலிட்டர் இரத்தம் போதும். டிஎன்ஏ பொறுமையான பொருள். குளிர்பெட்டியில் 4 டிகிரியில் சில நாள் இருந்தாலும் கெடாது. வடக்கே உள்ள எம்பாங்கேனியிலிருந்து டர்பனுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வரலாம். நொதியின் வேலையையே அளக்கலாம் என்று அதே நொதி உடைக்கும் இயற்கைப் பொருளான யுரேசிலைப் பிளாஸ்மாவில் பார்க்கப் போனால் கதை மாறும். குழாயில் இருக்கும் இரத்த அணுக்களே யுரேசிலை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அறை வெப்பத்தில் கிடந்தால் அளவு ஏறிக்கொண்டே போகும். மில்லிலிட்டருக்கு 16 நானோகிராமைத் தொட்டால் பகுதிக் குறைபாடு என்று ஐரோப்பாவில் எடுத்துக்கொள்கிறார்கள். நர்ஸ் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் குழாய் மேசையிலேயே கிடந்ததால் 12 என்பது 17 ஆனால், ஒரு நோயாளிக்குக் காரணமில்லாமல் பாதி மருந்துதான் போகும், அவர் புற்றுநோய்க்குக் குறைவான சிகிச்சை பெறுவார். ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்து உறையவைப்பதே பாதுகாப்பு. உங்கள் மாவட்ட மருத்துவமனையில் சென்ட்ரிஃபியூஜும் ஃப்ரீசரும் பக்கத்தில் உண்டா என்று தெரியாமல் அந்தச் சோதனையைத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

கட்டித் திசு இன்னும் கடினம். அறுவை அரங்கில் இரத்த ஓட்டத்தைக் கட்டிய நொடியிலிருந்து திசு மாறத் தொடங்குகிறது, முதலில் ஆர்என்ஏ உடையும். ஆகவே படிவத்தில் இரண்டு நேரம் இருக்க வேண்டும்: திசு வெளியே வந்த நேரம், ஃபார்மலினிலோ திரவ நைட்ரஜனிலோ போன நேரம். இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மார்பகக் கட்டியில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஏற்பிகளான ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 பார்ப்பதற்கு ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பெரிய வெள்ளிக்கு முந்தின வியாழன் மாலை மூன்று மணிக்கு எடுத்த மார்பகம், செவ்வாய் காலை எட்டு மணிக்கு வெட்டப்பட்டால் 113 மணி நேரம். அந்த ஏற்பி ‘இல்லை’ என்று வந்தால் நம்புவதா? முழு மார்பகத்தை வெட்டாமல் வாளியில் போட்டுவிட்டாலும் இதே சிக்கல். ஃபார்மலின் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் உள்ளே ஊறும். அது போய்ச் சேருமுன் நடுவில் உள்ள கட்டி அழுகத் தொடங்கிவிடும். ரொட்டித் துண்டுபோல் சீவி, திசுவின் பத்து மடங்கு கொள்ளளவு ஃபார்மலினில் போட வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்தத் திசுவைத் தொடும் முதல் உரிமை நோய்க்குறியியலாளருடையது. ஓரங்களுக்கு மை பூசி, அளந்து, நோயறிதலுக்கு வேண்டியதை எடுத்தபின் அவர் தருவதுதான் ஆய்வுக்கு. ‘நானே ஒரு துண்டு வெட்டிக்கொள்கிறேன்’ என்று தியேட்டரில் கத்தியை எடுத்தால் ஓரம் குலைந்து, நோயாளிக்கு மறு அறுவை தேவையா என்றே சொல்ல முடியாமல் போகும். ஆய்வு தொடங்குவதற்கு மாதங்களுக்கு முன்பே அவரைச் சந்தித்து, யார் எப்போது வந்து வாங்குவது என்று பேசி முடித்துவிடுங்கள். அவர் பெயரைக் கட்டுரையிலும் சேருங்கள். அது உபசாரத்துக்குச் சேர்ப்பது ஆகாது, அவருடைய உழைப்பு இல்லாமல் உங்களிடம் மாதிரியே இல்லை.

பாரஃபின் மெழுகில் பதித்து வைத்த பழைய திசுக்களில் இருந்து டிஎன்ஏ எடுத்துச் செய்யலாமே என்பார்கள். செய்யலாம், கவனத்தோடு. ஃபார்மலின் சைட்டோசினைச் சிதைப்பதால், வரிசைப்படுத்தும்போது சி (சைட்டோசின்) இருந்த இடத்தில் டி (தைமின்) என்று பொய்யான மாற்றங்கள் தோன்றும். கட்டிச் செல்கள் குரோமசோம் துண்டுகளை இழந்திருக்கலாம் என்பதால், பிறவி மாற்றத்தைக் கட்டியிலிருந்து படிப்பதும் ஏமாற்றலாம். பிறவி மாற்றத்துக்கு இரத்தம்தான் சரி.

பிறகு ஃப்ரீசர். மைனஸ் 80 ஃப்ரீசர் மின்வெட்டின்போது மூடியே இருந்தால் மெதுவாகத்தான் சூடேறும், திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும். மின்சாரம் திரும்பி வரும் நொடியில் அழுத்தம் எகிறிக் கம்ப்ரசர் போவதும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாமல் போனது. ஆகவே ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு கட்டடங்களில் வையுங்கள். ஃப்ரீசருக்குள் வெப்பப் பதிவுக் கருவி வேண்டும், அதன் எச்சரிக்கை உங்கள் கைபேசிக்கு வர வேண்டும். குழாய்மேல் சாதாரண மார்க்கரால் எழுதாதீர்கள், எத்தனால் ஒரு துளி பட்டால் பெயர் போய்விடும். உறைநிலைக்கான அச்சு லேபிளும், எந்தப் பெட்டியில் எந்தக் கட்டம் என்ற வரைபடமும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

அனுமதிகளுக்கு வரிசை உண்டு. துறையின் அறிவியல் பரிசீலனை முதலில். பிறகு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பிரெக் எனப்படும் உயிர்மருத்துவ எத்திக்ஸ் குழு. அவர்கள் முதலில் தற்காலிக ஒப்புதல் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு மருத்துவமனை மேலாளரின் கடிதமும், தேசிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளம் வழியாக மாகாணத்தின் ஒப்புதலும் வாங்கிக் கொடுத்தபின் முழு ஒப்புதல். அரசு ஆய்வகச் சேவையான என்எச்எல்எஸ்ஸின் மாதிரியோ முடிவுகளோ வேண்டுமென்றால் அவர்களுக்குத் தனி விண்ணப்பம். மாதிரி நாட்டை விட்டு வெளியே போவதானால் ஏற்றுமதி அனுமதியும், 2018-இல் அரசிதழில் வந்த மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தமும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாரங்கள் ஓடும். ரெஜிஸ்ட்ரார் பயிற்சியின் முதல் ஆண்டு முடியுமுன் திட்டத்தை எத்திக்ஸுக்கு அனுப்பாதவர் நான்காம் ஆண்டில் தேர்வும் ஆய்வேடும் ஒன்றாக மோதித் திணறுவார்.

ஒப்புதல் படிவம் இசிசூலுவில் இருந்தால் மட்டும் போதாது, அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்க்க வேண்டும். புற்றுநோய்க்கு உம்ட்லவுசா என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். ‘மரபணு மாற்றம்’ என்பதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம். ‘உங்கள் உடல் இந்த மருந்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று பார்க்கிறோம். அந்தத் தன்மை குடும்பத்தில் இறங்குவது’ என்ற அளவுக்கு எளிதாக இருக்கட்டும். முடிவு வந்தால் அவருடைய தங்கைக்கும் மகளுக்கும் சொல்ல வேண்டுமா என்பதை முன்பே கேட்டு எழுதிவையுங்கள். பெயரும் மருத்துவமனை எண்ணும் ஒரு ஃபைலில், ஆய்வு எண்ணும் தரவும் வேறொன்றில் இருக்க வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா இதற்கும் பொருந்தும். நோயாளி விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

பிப்பெட் பிடித்ததில்லை என்று வருந்துகிறீர்கள். அது மூன்று மாத வேலை. முதல் வாரம் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை நுண் தராசில் பத்து முறை எடை போடுங்கள். ஒவ்வொன்றும் 100 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். மேலும் கீழுமாக இரண்டு மில்லிகிராமுக்கு மேல் அலைந்தால் கை இன்னும் பழகவில்லை. எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் கருவியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு டிஎன்ஏ பிரித்தெடுத்தல், அதன் ஒரு துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர். மாதிரி இல்லாத குழாய் ஒன்றும், விடை தெரிந்த மாதிரிக் குழாய் ஒன்றும் ஒவ்வொரு முறையும் உடன் ஓட வேண்டும். மாதிரி இல்லாத குழாயில் டிஎன்ஏ பட்டை தெரிந்தால் அன்றைய முடிவு முழுவதும் குப்பைக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

செல் வளர்ப்பை ஆய்வின் தொடக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். செல்களுக்கு இரண்டு மூன்று நாளைக்கொரு முறை புது ஊடகம் வேண்டும், உங்கள் ஆன்-கால் அட்டவணை அவற்றுக்குத் தெரியாது. என்றாவது தொடங்கும்போது இரண்டு சோதனைகளை விடாதீர்கள். ஒன்று, எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ ஒப்பீட்டு முறையில் செல்லின் அடையாளம். எம்டிஏ-எம்பி-435 என்ற செல்லை மார்பகப் புற்றுநோய் என்று நினைத்து எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். பிறகுதான் அது மெலனோமா செல் என்று தெரிந்தது. இரண்டு, மைக்கோப்ளாஸ்மா என்ற பாக்டீரியா. அதற்குச் செல்சுவர் இல்லாததால் ஊடகத்தில் உள்ள பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, ஊடகமும் கலங்காது. செல்கள் உயிரோடுதான் இருக்கும், முடிவுகள் மட்டும் பொய் சொல்லும். மாதம் ஒரு முறை பிசிஆரில் பாருங்கள்.

இங்கேதான் ‘பாதுகாக்கப்பட்ட நேரம்’ என்ற பேச்சைக் கூர்ந்து கேட்க வேண்டும். வாரத்துக்கு அரை நாள் ஆய்வுக்கு விடுகிறோம் என்பார்கள். புரதத்தைக் கண்டறியும் ஒரு வெஸ்டர்ன் பிளாட் சோதனையை முடிக்கவே இரண்டு நாள் ஆகும்போது அரை நாள் எதற்கு? சிதறிய அரை நாட்கள் தரவு வேலைக்கும் படிப்புக்கும் எழுதுவதற்கும் மட்டும் உதவும். ஆய்வுக்கூட வேலைக்குத் தொடர்ச்சியாக மூன்று மாதமாவது கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்: எந்த மாதங்கள், உங்கள் இடத்தில் யார் வார்டைப் பார்ப்பார், இரவுப் பணி உண்டா இல்லையா. துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் வாய்ச்சொல்லை நம்பினால், ஒருவர் பேறுகால விடுப்பில் போன அன்றே உங்கள் ஆய்வு மாதம் கரைந்துவிடும். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்காது, நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

மேற்பார்வையாளர் இருவர் வேண்டும்: ஒருவர் மருத்துவர், ஒருவர் ஆய்வுக்கூடத்தவர். இருவரும் ஒருவரோடொருவர் பேசுகிறவர்களாக இருக்க வேண்டும், அதுவே பாதி வெற்றி. அவர்களிடம் முடித்த மாணவர்கள் எத்தனை பேர், எத்தனை ஆண்டில் முடித்தார்கள் என்று கேளுங்கள். பாதியில் விட்டவர் ஒருவரிடமும் பேச அனுமதி கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். ரசாயனப் பொருட்களுக்குப் பணம் யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். நொதிகளும் ஆன்டிபாடிகளும் டாலரிலும் யூரோவிலும் விலை போட்டு உலர்பனியில் வருகின்றன. ராண்ட் சரிந்தால் நீங்கள் போட்ட பட்ஜெட் நடுவிலேயே வற்றும், சுங்கத்தில் பெட்டி தங்கினால் பனி உருகும். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்குப் போட்டு, முழு ஆய்வுக்கும் ஒரே லாட் எண் (ஒரே தயாரிப்புத் தொகுதி) ஆன்டிபாடியை மொத்தமாக வாங்குங்கள்.

ஆய்வு என்றாலே பிப்பெட்தான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். கேப் டவுனின் லைனெட் டென்னி குழுவினர் கயேலிட்ஷாவில் 35 முதல் 65 வயதுவரை 6,555 பெண்களைச் சேர்த்து, எச்பிவி வைரஸ் சோதனை செய்து தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சை கொடுத்தால் கருப்பைவாய்ப் புற்றுநோயின் முன்னிலை மாற்றங்கள் குறைகின்றன என்று 2005-இல் காட்டினார்கள். எச்ஐவி உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்கு. வைரஸின் உயிரியல் தெரிந்த மருத்துவர்கள் கிளினிக் வாசலில் கேட்ட கேள்வி அது. அந்த வழி உங்களுக்குப் பிடித்தால், மேலே சொன்ன ஃப்ரீசர் கவலைகளில் பாதி குறையும், புள்ளியியல் கவலைகள் இரட்டிப்பாகும்.

கம்யூனிட்டி சர்வீஸ் முடியுமுன் செய்ய வேண்டியவை சில. நல்ல மருத்துவச் சோதனை நடைமுறைக்கான ஜிசிபி பயிற்சியை இணையத்தில் முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள், மூன்று ஆண்டு செல்லும். டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையில் புற்றுநோய்க் குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள். உங்கள் மருத்துவமனையிலிருந்து அங்கே அனுப்பும் ஒவ்வொரு புற்றுநோய் நோயாளிக்கும், எத்திக்ஸ் அனுமதி தேவைப்படாத அளவில், பெயரோ எண்ணோ இல்லாமல் ஒரு நோட்டில் நான்கே விஷயம் குறியுங்கள்: அறிகுறி தொடங்கி எத்தனை வாரம், பயாப்சி எடுக்க எத்தனை நாள், விடை வர எத்தனை நாள், அங்கே முதல் சந்திப்புக்கு எத்தனை நாள். பிறகு ஐந்தாவதாக ஒரு பத்தி: ‘இவரிடம் எனக்குப் புரியாதது என்ன?’ மேற்பார்வையாளருக்கு எழுதப்போகும் அரைப்பக்கக் கடிதத்தில், உங்கள் மதிப்பெண்களுக்கு முன்னால் அந்த ஐந்தாவது பத்தியிலிருந்து ஒரு வரியை எடுத்து வையுங்கள்.